தீவனத்திலிருந்து மருந்தை எடுத்த பிறகு

பல்லடம் பக்கம் ஒப்பந்தத்துக்குக் கறிக்கோழி வளர்க்கும் தம்பி ஒருவர் டீ குடிக்கும்போது கேட்டார்: "தீவன மூட்டையில ஆன்டிபயாடிக் வளர்ச்சி ஊக்கி சேர்க்கலைன்னு போட்டிருக்குதுங்க. அப்ப அதுக்குப் பதிலா வேற என்னதானுங்க போடறாங்க?"

ஒரு டீ நேரத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அவரிடம் சொன்னதையே கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன். கோழி வளர்க்காதவர்களும் படிக்கலாம். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்குக் கடைசியாகப் போடும் ஊசி பலிக்குமா என்பதும் இந்தத் தீவன மூட்டையோடு தொடர்புள்ள சங்கதி.

எடுத்தது என்ன என்று முதலில் தெரிய வேண்டும். நோய் கண்ட கோழிக்குக் கால்நடை மருத்துவர் எழுதித்தரும் ஆன்டிபயாடிக் வேறு. வளர்ச்சி ஊக்கி என்பது நோயே இல்லாத கோழிக்கும் பன்றிக்கும் நாள்தோறும் தீவனத்தில் கலந்து கொடுத்தது. டன்னுக்குச் சில கிராம், மிஞ்சினால் சில பத்து கிராம். நோயைத் தீர்க்க அந்த அளவு போதாது. தின்ற தீவனம் இன்னும் கொஞ்சம் உடம்பில் ஒட்டும், அதற்காகத்தான் கலந்தார்கள்.

இது தேடிப்போய்க் கண்டுபிடித்ததும் இல்லை. 1940-களின் கடைசியில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர் குஞ்சுகளுக்கு மலிவாக வைட்டமின் பி12 கிடைக்க வழி தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் மருந்து தயாரித்தபின் மிஞ்சும் கழிவுக்கூழைத் தீவனத்தில் கலந்து பார்த்தார்கள். பி12-ஐ மட்டும் வைத்து விளக்க முடியாத அளவுக்குக் குஞ்சுகள் எடை போட்டன. கூழில் தங்கியிருந்த மருந்தின் வேலை அது. 1950-இல் செய்தி வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குள் தீவன ஆலைகளுக்கு அது சாதாரணச் சரக்காகிவிட்டது.

மருந்து தின்றால் கோழி ஏன் வளர வேண்டும்? இதற்கு நல்ல துப்புக் கொடுத்தவை இரண்டு சோதனைகள். கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த குஞ்சுகளுக்கு மருந்தைக் கொடுத்தபோது எடை கூடவில்லை. புதிய, சுத்தமான இடத்தில் வளர்ந்த குஞ்சுகளிடமும் பலன் குறைவு. பல பேட்ச் ஓடிய பழைய ஷெட்டில்தான் பலன் பளிச்சென்று தெரிந்தது. ஆக, மருந்து நேராகக் கோழியை வளர்க்கவில்லை. குடலில் உள்ள பாக்டீரியா தீவனத்தில் ஒரு பங்கைத் தானே தின்கிறது. பித்த உப்பைச் சிதைத்துக் கொழுப்புச் செரிமானத்தைக் கெடுக்கிறது. குடல் சுவரைச் சீண்டி உடம்பின் எதிர்ப்புச் சக்தியை ஓயாமல் வேலை வாங்குகிறது. அந்தச் செலவில் ஒரு பகுதியை மருந்து மிச்சப்படுத்தியது. இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று தம்பியிடம் சொன்னேன். ஷெட்டின் குறை, தீவனத்தின் குறை, பன்றிக்குட்டியைச் சீக்கிரமே தாயிடமிருந்து பிரித்த குறை எல்லாவற்றையும் அந்தச் சில கிராம் மூடி வைத்திருந்தது. மருந்தை எடுத்தால் குறைகள் வெளியே தெரியும். மாற்று எது என்ற கேள்விக்கு, எந்தக் குறைக்கு என்று திருப்பிக் கேட்டபிறகுதான் பதில் சொல்ல முடியும்.

ஏன் எடுக்க வேண்டும் என்பதற்கு டென்மார்க்கின் ஒரு கணக்கே போதும். 1994-இல் அந்த நாட்டு ஆஸ்பத்திரிகள் மனிதர்களுக்குப் பயன்படுத்திய வான்கோமைசின் 24 கிலோ. வேறு எதற்கும் மசியாத தொற்றுக்கு மருத்துவர்கள் பத்திரமாக எடுத்து வைத்திருந்த மருந்து அது. அதே ஆண்டு அதே நாட்டில் கோழியும் பன்றியும் வளர்ச்சி ஊக்கியாகத் தின்ற அவோபார்சின் 24,000 கிலோ. இரண்டும் வேதியியலில் ஒரே குடும்பம். அவோபார்சினுக்குப் பழகிய பாக்டீரியாவிடம் வான்கோமைசினும் தோற்கும். கொல்லாத அளவில் கொடுக்கும் மருந்து கிருமிக்குப் பயிற்சியாக முடியும் என்று பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-இல் நோபல் உரையிலேயே எச்சரித்திருந்தார்.

டென்மார்க் 1995-இல் அவோபார்சினைத் தடை செய்தது. பண்ணை, இறைச்சி, ஆஸ்பத்திரி மூன்றிலும் மருந்துப் பயன்பாட்டையும் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாவையும் ஆண்டுதோறும் எண்ணும் டான்மாப் என்ற திட்டத்தையும் அதே ஆண்டு தொடங்கியது. மிச்சமிருந்த வளர்ச்சி ஊக்கிகளைக் கோழிக்கும் வளர்ந்த பன்றிக்கும் 1998-லேயே வளர்ப்போரே நிறுத்தினார்கள். பன்றிக்குட்டிகளுக்கு 1999 முடிவதற்குள் நிறுத்தினார்கள். சுவீடன் இவர்களுக்கு முன்னோடி. அங்கே விவசாயிகள் அமைப்பே கேட்டு 1986-இல் தடை வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் 2006 ஜனவரி 1-இல் வந்தது.

"எடுத்தப்புறம் கோழி எடை போட்டுச்சுங்களா?" இதுதான் தம்பியின் அடுத்த கேள்வி. போட்டது. டென்மார்க்கில் ஒரு கிலோ உயிர் எடைக்குத் தேவைப்பட்ட தீவனம் 16 கிராம் கூடியது. இரண்டு கிலோ கோழிக்கு 32 கிராம். சாவு கூடவில்லை. மருந்துக்குக் கொடுத்த காசு மிச்சமானதில் அந்தத் தீவனச் செலவு ஈடானது. ஒன்றை மறைக்கக் கூடாது: ரத்தக்கழிச்சலைத் தடுக்கும் சலினோமைசின் போன்ற மருந்துகள் தீவனத்தில் தொடர்ந்தன. அவை பாக்டீரியாவையும் கொஞ்சம் அடக்கும். ஐரோப்பாவில் அவற்றை ரத்தக்கழிச்சல் மருந்து என்ற கணக்கில் வைக்கிறார்கள். அமெரிக்காவில் அவையும் ஆன்டிபயாடிக். மூட்டையில் எழுதியிருக்கும் ஒரு வரிக்கு நாட்டுக்கு நாடு பொருள் மாறும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பலன் என்ன? கறிக்கோழிகளிலிருந்து எடுத்த ஒருவகை என்டரோகாக்கஸ் பாக்டீரியாவில் வான்கோமைசின் குடும்பத்தை எதிர்ப்பவை 1995-இல் 72.7 சதவீதம் இருந்தன. 2000-இல் 5.8 சதவீதம்.

பன்றியில் அப்படி இறங்கவில்லை. அவோபார்சினை நிறுத்திய பிறகும் ஆண்டுக்கணக்கில் ஐந்தில் ஒன்று எதிர்த்துக்கொண்டே இருந்தது. காரணத்தைத் தேடியபோது, வான்கோமைசினை எதிர்க்கும் மரபணுவும் டைலோசின் என்ற இன்னொரு மருந்தை எதிர்க்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிட்டில், அதாவது பாக்டீரியாக்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் ஒரே டி.என்.ஏ. வளையத்தில், அமர்ந்திருந்தன. பன்றித் தீவனத்தில் டைலோசின் இருந்தவரை இரண்டு மரபணுவும் சேர்ந்தே பிழைத்தன. டைலோசினை நிறுத்தியதும் இரண்டும் சேர்ந்தே குறையத் தொடங்கின. ஒரு மருந்தை மட்டும் தடை செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்று எனக்குப் புரியவைத்தது இந்தக் கதைதான்.

இனி மாற்றுகள். உண்மையான சோதனை பன்றிக்குட்டியிடம்தான் நடந்தது, அங்கிருந்தே தொடங்குகிறேன். இயற்கையில் குட்டி மூன்று நான்கு மாதம் வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பாலை மறக்கும். பண்ணையில் மூன்று நான்கு வாரத்தில், ஒரே நாளில், தாயை விட்டுப் பிரிப்பார்கள். பாலோடு வந்த எதிர்ப்புப் பொருள் அன்றோடு நின்றுபோகும். புது இடம், புதுக் குட்டிகளோடு சண்டை. பல குட்டிகள் முதல் நாள் தீவனத்தைத் தொடவே தொடாது. குடலின் உட்புறத்தில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற முளைகள் பட்டினியில் குட்டையாகிவிடும். இரைப்பையில் அமிலமும் போதாது. இந்த நிலையில் புரதம் மிகுந்த தீவனம் உள்ளே போனால் பாதி செரிக்காமல் பெருங்குடலில் இறங்கிப் புளித்து அழுகும். ஈ.கோலை பெருகும். கழிச்சல் வரும்.

டென்மார்க்கில் அதுதான் நடந்தது. மருந்தை எடுத்தபின் குட்டிகளுக்குக் கழிச்சல் கூடியது, சாவும் சற்றுக் கூடியது, சிகிச்சைக்கு மருந்து வாங்குவதும் ஏறியது. உலக சுகாதார நிறுவனம் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட அறிக்கையில், ஒரு பன்றிக்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒரு யூரோ, உற்பத்திச் செலவில் ஒரு சதவீதம் என்று கணக்கிட்டது. ஆண்டுக்கு இரண்டரைக் கோடிக்கு மேல் பன்றி வளர்க்கும் நாட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை. ஆனாலும் திரும்பிப் போகவில்லை. சிகிச்சைக்கு வாங்கியதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கிலோ பன்றிக்கு ஆன மொத்த ஆன்டிபயாடிக் 1992-க்கும் 2008-க்கும் நடுவே பாதியாகக் குறைந்தது. பன்றி உற்பத்தியோ கூடியது.

எப்படிச் சமாளித்தார்கள்? முதல் மருந்து, நாள். தாயோடு இன்னும் ஒரு வாரம் விட்டாலே குட்டியின் குடல் வேறாகிவிடும். சுவீடனில் பிரிக்கும் வயது ஐந்து வாரத்தை ஒட்டிப் போனது. வயது கலக்காமல், ஒரு கூட்டம் முழுவதையும் ஒன்றாக உள்ளே விட்டு ஒன்றாக வெளியேற்றி, நடுவில் கழுவிக் காய வைக்கும் பழக்கமும் வந்தது. அடுத்தது புரதம். தீவனத்தில் மொத்தப் புரதத்தை இரண்டு மூன்று சதவீதம் குறைத்து, லைசின், மெத்தியோனின், திரியோனின் முதலிய அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்தால் வளர்ச்சி பெரிதாகக் கெடாது. அழுகுவதற்குச் சரக்கும் குறையும். சுண்ணாம்புக்கல் தூளைக் குட்டித் தீவனத்தில் அளவோடு வைப்பதும் இந்த வகைதான். இரைப்பையில் இருக்கிற கொஞ்ச அமிலத்தையும் சுண்ணாம்பு கெடுத்துவிடும்.

பிறகு அமிலம். ஃபார்மிக், லாக்டிக், பென்சாயிக், புரோப்பியானிக் என்று பல உண்டு. புளிப்பான இடத்தில் இந்த அமிலங்கள் உடையாமல் முழுதாக இருக்கும். அந்த உருவில் பாக்டீரியாவின் சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும். உள்ளே போனதும் உடைந்து, செல்லைப் புளிக்க வைக்கும். அதை வெளியேற்றியே பாக்டீரியா தன் சக்தியைத் தீர்க்கும். லாக்டிக் பாக்டீரியா இதைத் தாங்கும், ஈ.கோலையும் சால்மொனெல்லாவும் அவ்வளவாகத் தாங்காது. பியூட்ரிக் அமிலம் வேறு ரகம்: குடல் செல்லுக்கே அது உணவு. சும்மா கலந்தால் மேலேயே உறிஞ்சப்பட்டுவிடும் என்பதால் கொழுப்புப் பூச்சு போட்டு விற்கிறார்கள். விலை அந்தப் பூச்சுக்குத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த டேனிஷ் கண்டுபிடிப்புக்குச் செலவே கிடையாது. தானியத்தை நைசாக அரைத்துக் குச்சித்தீவனம் ஆக்காமல், கரகரப்பாக அரைத்து மாவாகவே பன்றிக்குக் கொடுத்தார்கள். தீவனம் இரைப்பையில் அதிக நேரம் தங்கியது, அமிலம் நன்றாக ஏறியது, சால்மொனெல்லா குறைந்தது. கறிக்கோழிக்கும் தீவனத்தோடு கொஞ்சம் முழுக் கோதுமையைக் கலக்கும் வழக்கம் அங்கே உண்டு. அரைவைப்பை வலுக்கும், வலுத்த அரைவைப்பை நன்றாக அரைக்கும். எடை போடும் வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், அது உண்மை.

பலருக்கும் கைகொடுத்து, கடைசியில் கைவிட்ட மாற்று துத்தநாக ஆக்சைடு. தாயைப் பிரிந்த முதல் இரண்டு வாரம் டன்னுக்கு இரண்டரை கிலோ துத்தநாகம் சேரும் அளவுக்குக் கலந்தால் குட்டியின் கழிச்சல் அடங்கும். ஆன்டிபயாடிக் போன இடத்தில் அது வந்து உட்கார்ந்தது. ஆனால் பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறி வயல் மண்ணில் சேர்ந்தது. மெதிசிலினை எதிர்க்கும் ஸ்டஃபைலோகாக்கஸில் துத்தநாகத்தைத் தாங்கும் மரபணுவும் இருந்தது. டைலோசின் கதைதான், வேறு பெயரில். 2022 ஜூனோடு ஐரோப்பிய ஒன்றியம் அந்த அளவை நிறுத்திவிட்டது. கழிச்சல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்து ஒரு மாற்றைத் தேர்ந்தால் இப்படி ஆகும்.

இனி நல்ல பாக்டீரியா, அதாவது புரோபயாடிக். 1971-இல் பின்லாந்தின் கறிக்கோழிகளில் சால்மொனெல்லா பரவியது. நுர்மி, ரன்டாலா என்ற இருவர் அதை ஆராய்ந்து 1973-இல் எழுதினார்கள். பொரிப்பகத்தில் பொரித்த குஞ்சு தாய்க்கோழியைப் பார்ப்பதே இல்லை. தாயின் எச்சத்திலிருந்து வர வேண்டிய பாக்டீரியா அதற்கு வருவதில்லை. நோயில்லாத வளர்ந்த கோழியின் குடலில் உள்ளதைக் குஞ்சுக்குக் கொடுத்தபோது சால்மொனெல்லாவால் ஒட்ட முடியவில்லை. கல்யாணப் பந்தியில் இலை போட்ட இடமெல்லாம் ஆள் உட்கார்ந்துவிட்டால் பின்னால் வருபவர் நிற்க வேண்டியதுதானே, அப்படி. அதனால்தான் முதல் நாள், முதல் மணி நேரம் முக்கியம். மூன்றாம் வாரத்தில் கொடுக்கும் புரோபயாடிக்குக்கு இந்த வேலை கிடையாது.

புரோபயாடிக் வாங்குகிறவர் பாக்கெட்டில் இரண்டைப் பார்க்க வேண்டும். பாக்டீரியாவின் இனப்பெயரோடு ரகத்தின் எண்ணும் போட்டிருக்கிறதா? கிராமுக்கு எத்தனை உயிருள்ள செல் என்று இருக்கிறதா? ஒரு ரகத்தில் கிடைத்த பலன் அதே இனத்தின் இன்னொரு ரகத்தில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. குச்சித்தீவனம் செய்யும் சூட்டில் லாக்டோபேசில்லஸ் பெரும்பாலும் செத்துவிடும்; வித்தாக உறங்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் பிழைக்கும். தண்ணீரில் கலக்கிறவர்கள் குளோரின் போட்ட தொட்டியில் கலந்தால் காசைக் கொட்டிக் கொன்றதாகிவிடும்.

மூலிகை என்றதும் நம்மவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஐரோப்பாவில் இதற்குப் பெயர்போனது ஆரிகனோ எண்ணெய். அதில் உள்ள கார்வக்ரால், தைமால் இரண்டும் பாக்டீரியாவின் சவ்வைக் கிழிப்பவை. நம் ஓமத்தின் வாசனையே தைமால்தான். கற்பூரவல்லி இலையிலும் இவை உண்டு. அதனால் ஓமத்தை இடித்துப் போட்டால் போதுமா? ஆய்வுக்கூடத் தட்டில் கொல்லும் அளவு வேறு, தீவனத்தில் கோழி முகம் சுளிக்காமல் தின்னும் அளவு வேறு. மண், பருவம், காயவைத்த விதம் மாறினால் எண்ணெயின் அளவும் மாறும். நல்ல பலன் வந்த சோதனைகளும் உண்டு, ஒன்றுமே வராதவையும் உண்டு. பாட்டி வைத்தியம் என்பதற்காக நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். அளந்து பார்க்க வேண்டும்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நொதிகள், முக்கியமாகக் கோதுமையும் பார்லியும் தவிடும் சேரும் தீவனத்தில், குடலில் உண்டாகும் பிசுபிசுப்பை உடைத்துச் செரிமானத்தைக் கூட்டும். ஈஸ்ட்டின் மேலுறையில் உள்ள சர்க்கரை சில கிருமிகளைத் தன்னோடு ஒட்டவைத்து வெளியே கொண்டுபோகும். ரத்தக்கழிச்சலுக்குத் தடுப்பூசி மருந்து இருக்கிறது. இவற்றில் எதுவும் தனியாக நின்று பழைய மருந்தின் இடத்தை நிரப்பியதில்லை.

நம் நாட்டில் இது எங்கே நிற்கிறது? அதற்குச் சீனாவிலிருந்து தொடங்க வேண்டும். 2015-இல் சீனப் பன்றிகளின் பாக்டீரியாவில் எம்.சி.ஆர்-1 என்ற மரபணுவைக் கண்டார்கள். மனிதர்களுக்குக் கடைசியாக மிச்சம் வைத்திருந்த கோலிஸ்டினையும் தோற்கடிக்கும் மரபணு. அதுவும் பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா தாவுவது. சீனா கோலிஸ்டினைத் தீவனத்திலிருந்து எடுத்தது. 2020-இல் வளர்ச்சி ஊக்கிகளையே தீவனத்திலிருந்து விலக்கியது. இந்தியாவில் மத்திய சுகாதார அமைச்சகம் 2019 ஜூலையில் கோழிக்கும் மற்ற உணவுப் பிராணிகளுக்கும் தீவனத்துக்கும் கோலிஸ்டினைத் தடை செய்தது. அதற்கு முன்பே 2014-இல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் தலைநகர்ப் பகுதியில் 70 கோழி மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சத்தைக் கண்டிருந்தது. நம் ஐ.சி.யூ.க்களில் கைபிசைந்து நிற்கும் மருத்துவர்களை நினைத்தால், இந்த வேகம் எனக்குப் போதவில்லை.

தம்பி கேட்டார்: "எல்லாம் சரிங்க, தீவனம் கம்பெனிக்காரங்க இறக்கறது. நான் என்னங்க பண்ண முடியும்?"

குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனியுடையது என்பது உண்மை. ஷெட், தண்ணீர், தரையில் பரப்பும் நார்த்தூள், காற்றோட்டம், உழைப்பு எல்லாம் அவருடையது. பழைய மருந்து மூடி வைத்திருந்தது பெரும்பாலும் இந்தப் பக்கத்துக் குறைகளைத்தான். நிப்பிள் குழாய் ஒழுகி நார்த்தூள் நனைந்தால், எச்சத்தோடு விழுந்த ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணியின் முட்டைகள் அந்த ஈரத்திலும் சூட்டிலும் முற்றும். கோழி அதைக் கொத்தித் தின்னும். குடல் சுவர் புண்ணாகும், புண்ணிலிருந்து கசியும் புரதத்தில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் பெருகும், குடல் அழுகும். ஆன்டிபயாடிக்கால் கடைசிக் கட்டத்தில் அடக்கியதை ஒரு வாஷர் மாற்றி முதல் கட்டத்திலேயே தடுக்கலாம். பேட்சுக்கும் பேட்சுக்கும் நடுவே ஷெட் காய நாள் விடுவதும், குழாய்க்குள் படியும் வழவழப்பைக் கழுவித் தள்ளுவதும் இந்தக் கணக்கில்தான் வரும். குஞ்சு இறங்கிய மறுநாள் காலையில் நாலைந்து இடங்களில் குஞ்சைப் பிடித்துத் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். மெதுமெதுவென்று நிறைந்திருக்க வேண்டும். காலியாக இருந்தால் சூடோ வெளிச்சமோ தண்ணீரோ எங்கோ பற்றவில்லை.

புதுப் பொடி ஏதாவது வந்தால் சூப்பர்வைசரிடம் பேசி ஒரு ஷெட்டுக்கு மட்டும் கொடுங்கள் என்றேன். பக்கத்து ஷெட்டில் அதே பொரிப்பகத்துக் குஞ்சும் அதே தீவனமும் பொடி இல்லாமல் இருக்கட்டும். இரண்டுக்கும் தனித்தனி நோட்டில் தினசரிச் சாவு, குடித்த தண்ணீர், ஏழாம் நாள் எடை, பதினான்காம் நாள் எடை, கடைசியில் தீவனக் கணக்கு ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு பேட்ச் போதாது. அடுத்த பேட்சில் பொடியை ஷெட் மாற்றிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஷெட்டின் குணத்தைப் பொடியின் குணமாக நினைத்துவிடுவோம். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் அந்த நோட்டில் ஏறிய பிறகு அதை எடுத்துக்கொண்டு கம்பெனியோடு பேசுங்கள்.